முழங்கைக் குழி உள்ள ஜன்னல்

அன்பு மகள் வாலுவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம், வீட்டுக்கு மட்டும் மூட்டுவலி, எந்தக் கதவைத் தொட்டாலும் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, அவர் இன்னும் காலையில் காலுறை தேடிக்கொண்டுதான் இருக்கிறாரா. முதலில் ஒரு சங்கதியை வெட்கத்தைவிட்டுச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்கு முன். உன் அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் கூட்டம் கூட்டி.

நம் தெருவின் பழைய வீடுகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று போனில் சொன்னேனே, நீ வேலையாக இருந்தாய். மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் நடப்பார், குடைத்தம்பி என்று பெயர் வைத்திருக்கிறேன். முனைவீட்டு வளைவுகளைக் காட்டி இங்கே முதலில் ஒரு நீதிபதி குடியிருந்தார் என்பார், தூண் வைத்த வீட்டில் இருந்தவர் வைத்தியராம், நோயாளிகளுக்கென்றுதான் பக்கவாட்டில் அந்தச் சின்னக் கதவாம். நம் வாசலுக்கு வந்ததும் மட்டும் நடையைக் கூட்டிவிடுவார். ஒருநாள் ஒரு அம்மாள் நின்று கேட்டேவிட்டாள், அதற்கு அவர், "அது சும்மா வீடுங்க, யார் இருந்தாங்கன்னே தெரியல" என்றார். நான் மேலே உன் அறை ஜன்னலில்தான் நிற்கிறேன், இருக்கிற ஆளை வைத்துக்கொண்டே இப்படிப் பேசினால் சுருக்கென்று இருக்காதா. வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. "ஏன் தெரியாது, கப்பல்காரர் கட்டின வீடு தம்பி" என்றேன். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். என்னை யாராவது பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

அப்புறம் என்ன, வாரம் ஒரு மாடி கட்டிக்கொண்டே போகிறேன். கப்பல்காரருக்கு ஒரே மகள், கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்தார்கள், அவள் வருவது தெருமுனையிலேயே தெரியவேண்டும் என்றுதான் தாய்க்காரிக்காக இந்த ஜன்னலைச் சுவரைவிட்டு வெளியே தள்ளி மூன்று பக்கமும் கண்ணாடி வைத்தார்கள் என்று அளந்துவிட்டேன். குடைத்தம்பி பூரித்துப்போய், 'கப்பல்காரர் வீடு' என்று பெயர்ப்பலகை அடிக்கப்போகிறாராம். பக்கத்து வீட்டு வள்வள் மாமாதான், "புளுகுக்குப் பலகை வேற கேக்குதா உனக்கு" என்று கத்தினார். அவருக்குப் பொறாமை, அவர் வீடும் நம் வீடும் ஒட்டிப் பிறந்த இரட்டை, அதே கதவு, அதே ஜன்னல், தபால்காரரே மாற்றித்தான் கொடுக்கிறார். ஆனால் ஒன்று மட்டும் புளுகு இல்லை. உன் மேசையை நகர்த்தித் துடைத்தபோது பார்த்தேன், ஜன்னலின் அடிமரத்தில் இரண்டு குழி. யாரோ வருஷக்கணக்கில் முழங்கை ஊன்றி நின்று மரமே தேய்ந்திருக்கிறது. நீ இல்லை, நீ எங்கே ஒரு இடத்தில் நின்றாய். என் முழங்கை இரண்டும் அளவெடுத்தது போல அதில் உட்காருகிறது.

போன ஞாயிறு ஐஸ் சப்பிக்கொண்டு ஒரு வாண்டு, "அந்த அக்கா திரும்பி வந்தாங்களா பாட்டி" என்று கேட்டுவிட்டது. பாட்டியாம், எனக்கு! அதைக்கூட விடு, அவ்வளவு அளந்த வாய்க்கு இதற்கு மட்டும் பொய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். அவர்கள் போனபின் தெரு துடைத்துவிட்டது போல ஆகிவிடும். மற்ற நாளெல்லாம் நான் பேசுவது பல்லியிடம்தான், அதாவது பதில் சொல்கிறது. லீவு கிடைக்காது என்று முன்னமே சொல்லிவிட்டாய், அதனால் உன்னை நான் வா என்று கூப்பிடவில்லை, கப்பல்காரர் மகளைத்தான் கேட்கிறேன். அவள் வந்தாளா இல்லையா, நீயே யோசித்து ஒரு வார்த்தை சொல். கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவேண்டும்.

எங்கே இருந்தாலும் இரண்டு பேரும் மனசும் வயிறும் நிறைந்து இருங்கள். ஈரத்தலையோடு படுக்காதே. உன் அறையைத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், சும்மா சொன்னேன்.

ஜன்னலை விட்டு நகராத,
உன் அம்மா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பலகை அடித்துவிட்டார்கள். வள்வள் மாமா வீட்டில். நேற்று யாரோ இரண்டு பேர் அவர் கதவைத் தட்டி, மகள் வந்துவிட்டாளா என்று விசாரித்திருக்கிறார்கள். மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.