உன்னோடு வந்தவள்

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டி உடையாமல் வந்தது, என் இடுப்புதான் உடைந்துவிட்டது. உன் மாமா ஏர்போர்ட் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். இரண்டு மாதத்தில் மனுஷர் பாதியாக இளைத்துவிட்டார். தானே சமைத்துத் தானே சாப்பிட்டாராம், வேறு காரணம் வேண்டுமா?

நீ நாலு தரம் போன் பண்ணியதைப் பார்த்தேன். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போனைக் காதில் வைத்தால் என் குரல் தானாக ஏறிவிடுகிறது. இருபத்திரண்டு வருஷமாக நூல் மில்லில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியவள் நான். மெதுவாகப் பேசு என்றால் பேசாமல் இருக்கத்தான் எனக்குத் தெரியும். உன் வீட்டுச் சுவர்கள் வேறு அட்டை மாதிரி இருக்கின்றன. எழுதினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது, அதனால் இனிமேல் எழுதுகிறேன்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? மடியில் அவள் கனம் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கிறது. நீ வேலைக்குத் திரும்பும்போது நான் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறேன், மறக்கவில்லை. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்க வேண்டும். பத்து நாளாக மண்டையைக் குடைகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் நமக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. நீ பாப்பாவோடு பின்னால், நான் அவள் பால் பையோடு இரண்டு வரிசை முன்னால். பாப்பா அன்று காலையில் முதல்முறை வாய்விட்டுச் சிரித்ததை மாமாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் மில் வாசலில் நின்று கத்தினார், நான் இந்தப் பக்கம் கத்தினேன். அப்போது அந்தச் சீருடைக்காரர் வந்தார். டிக்கெட்டைக் காட்டினேன், வேண்டாம் என்றார். உட்கார இடம் கேட்கிறார் என்று நினைத்து நகர்ந்து, சீட்டைத் தட்டிக்கூடக் காட்டினேன். அவர் வாயில் விரலை வைத்தார். சரி, பாஷை தெரிந்தவள் பின்னால் இருக்கிறாள் என்று உன்னைக் கை காட்டினேன். அவர் உன்னிடம் வந்து ஏதோ கேட்டார். நீ இல்லை என்கிற மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். உடனே என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கடைசிப் பெட்டியில் விட்டுவிட்டார். பாப்பாவுக்குப் பசிக்குமே என்று பையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ வருவாய் வருவாய் என்று பார்த்தேன்.

இறங்கின பிறகு, பாப்பா தூங்கிவிட்டாள், எழுந்து வர முடியவில்லை என்றாய். சரிதான். ஆனால் அவர் உன்னிடம் என்ன கேட்டார்? அந்த ஊரில் தலையை அப்படி ஆட்டினால் ஆமாம் என்று அர்த்தமா? எனக்குப் புரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு அக்கா


மார்ச் 17

என் பிரியமான அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இந்த வீட்டுத் தபால்பெட்டியில் பில் தவிர ஒன்று வந்து எத்தனை நாள் ஆகிறது. உன் கையெழுத்தும் உன்னை மாதிரியே சத்தமாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு எட்டு வரி.

ரயில் விஷயத்தையா இத்தனை நாள் மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறாய்? அது ஒன்றுமில்லை. அது அமைதிப் பெட்டி, அங்கே போன் பேசக்கூடாது. கடைசிப் பெட்டியில் பேசலாம், அங்கே கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். நீ சொன்ன மாதிரி இங்கே தலையை அப்படி ஆட்டினால் சரி என்றுதான் அர்த்தம். உனக்கு அது தெரிய வழியில்லை.

பாப்பா குப்புற விழக் கற்றுக்கொண்டாள். திரும்பத்தான் தெரியவில்லை, அப்படியே கிடந்து திட்டுகிறாள். ஜூன் முதல் தேதி நான் லேபுக்குத் திரும்ப வேண்டும். பல் செட் வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறதாம். நீ மே கடைசியில் வந்தால் போதும், டிக்கெட்டை இவர் பார்த்துக்கொள்வார். உன்னை விட்டால் பாப்பாவை நம்பி யாரிடமும் கொடுக்க எனக்கு மனசு வராது.

போனை எடு அக்கா. நீ கத்தினாலும் பரவாயில்லை.

உன் தங்கச்சி


ஏப்ரல் 1

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு ஒரு பாரம் இறங்கியது. உன்னைப் பற்றி என்னவெல்லாமோ நினைத்துவிட்டேன். அதற்காக நானே என் தலையில் குட்டிக்கொண்டேன்.

ஆனால் அதனால் இங்கே ஒரு ரகளை ஆகிவிட்டது, கேள். மில்லில் என் பக்கத்து மிஷின்காரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். சாப்பாட்டு வேளையில் உன் ஊர்க் கதை சொல்லு என்றாள். சொன்னேன், அங்கே இல்லை என்று தலையாட்டினால் சரி என்று அர்த்தம், தெரியுமா என்று. எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோ மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகன் உங்கள் ஊரில்தான் ஆறு வருஷமாக லாரி ஓட்டுகிறான். அன்று சாயங்காலமே அவனிடம் கேட்டுவிட்டு மறுநாள் வந்து, அப்படியெல்லாம் எதுவும் இல்லை, அங்கேயும் நம்மை மாதிரிதான் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான். உன் மகன் லாரியில உக்காந்துட்டு யார் தலையைப் பார்த்தான்?" என்று கேட்டுவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள். இப்போது நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். பதினாறு வருஷமாக ஒரே டப்பாவில் கை போட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள். போகட்டும், அவளாக வந்து பேசட்டும். உன்னைப் பொய்க்காரி என்று சொல்லாமல் சொன்னவளோடு எனக்கு என்ன பேச்சு?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும்.

பாப்பா திரும்பக் கற்றுக்கொண்டாளா?

உன் அன்பு அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

இதை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ரேடியோ அக்காவோடு சமாதானமாகப் போ. அவர் மகன் சொன்னதுதான் சரி.

அந்தச் சீருடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், அந்த அம்மா உங்களோடு வந்தவரா என்று. நான் இல்லை என்றேன்.

என் எதிர் சீட்டில் எங்கள் லேப் சூப்பர்வைசர் அம்மா உட்கார்ந்திருந்தாள். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் பிரசவ லீவு எடுப்பதற்கு முன்னால் ஒருநாள், ரயிலில் யாரோ நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் சத்தம் போட்டுப் பேசுவதைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருந்தார்கள். லேபில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது அந்த அம்மா என் தோளைத் தொட்டு, உன்னைச் சொல்லவில்லை, நீ அவர்களை மாதிரி இல்லை என்றாள். அக்கா, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்தப் படத்தில் ஒரு பெண் உன்னை மாதிரியே கையை ஆட்டிப் பேசினாள், நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போன பிறகு அந்த அம்மா, பாவம், இந்த ஜனங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றாள். நான் ஆமாம் என்றேன். பாப்பா தூங்கவும் இல்லை. உன் குரல் வந்த பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பால் பை உன்னிடம் இருந்தது எனக்குத் தெரியும். அவள் பசியில் அழ ஆரம்பித்த பிறகும் நான் எழுந்து வரவில்லை.

ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை போய்விடும் என்று பயமா? வேலை போகாது. அந்த அம்மா கெட்டவளும் இல்லை, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்திருக்கிறாள். எட்டு வருஷமாக இங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் வாயை மூடிக்கொண்டு வந்து, எனக்கே சத்தம் கேட்டால் எரிச்சலாக வருகிறது. நேற்று பஸ்ஸில் பாப்பா சந்தோஷமாகக் கூவினாள். நான் அவள் வாயில் விரலை வைத்தேன். அவளுக்கு அஞ்சு மாசம்கூட ஆகவில்லை.

நீ தலையாட்டலைப் பற்றிக் கேட்டபோது, எனக்காகவே கேட்ட மாதிரி இருந்தது, பிடித்துக்கொண்டேன். எனக்காக நீ சண்டை போடுவாய் என்று நினைக்கவில்லை. இதைப் படித்த பிறகு நீ வராவிட்டால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கேட்க எனக்கு வாயும் இல்லை.

தங்கச்சி


மே 2

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் மாமாவிடம் காட்டவில்லை. என்னம்மா எழுதியிருக்கா என்றார், பாப்பா திரும்பிப் படுக்கிறாளாம் என்றேன்.

ரேடியோவிடம் நானே போனேன். என் தங்கச்சி சரியாகத்தான் சொன்னாள், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், டப்பாவை என் பக்கம் தள்ளினாள். அவள் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கோபமா என்று நீ கேட்கவில்லை. கோபம்தான். இரண்டு நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். உனக்கு ஐந்து வயதாகும் வரைக்கும் உன்னைத் தூக்கித் திரிந்த இடுப்பு இது, அதைக் கடைசிப் பெட்டியில் நிற்க வைத்தாயே என்றெல்லாம் கேட்டேன். அப்புறம் குழம்பிவிட்டது. சத்தமாகப் பேசினது என் தப்பா? இருக்கலாம். போர்டு மாட்டியிருக்கிறார்கள், எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்தச் சீருடைக்காரர் ஒரு வார்த்தைகூட அதட்டவில்லை, அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. உன்மேல்தான்.

நேற்று முன்தினம் ஒன்று நடந்தது. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறினேன். முதுகில் பெரிய மூட்டையோடு வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர், ஒரு பையனும் பெண்ணும். அந்தப் பெண் எதற்கோ பஸ் அதிரச் சிரித்தாள், நிறுத்தவே இல்லை. ஆபீஸ்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். இவர்களுக்கெல்லாம் ஒரு முறை கிடையாதா என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். கண்டக்டர் வந்தார். அவர்களிடம் பேசத் தெரியாமல் பஸ்ஸைப் பொதுவாகப் பார்த்து, "யாருங்க இவங்களைக் கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டார்.

"என்கூடத்தான் வந்தாங்க" என்றேன்.

பன்னிரண்டு வருஷமாக என்னை அதே பஸ்ஸில் பார்க்கிறவர் அவர். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படின்னா கொஞ்சம் சொல்லி வையுங்க" என்று போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. சொல்லியாகிவிட்டதே, அந்தப் பெண்ணிடம் திரும்பி வாயில் விரலை வைத்தேன். அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நகர்ந்து உட்கார்ந்து சீட்டைத் தட்டிக் காட்டினேன், வந்து உட்கார்ந்தாள். நான் இறங்குகிற வரைக்கும் அவள் மூட்டையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் நீ பட்ட பாடு கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. இறங்கி வீட்டுக்கு நடந்தபோது மறுபடி புரியாமல் போய்விட்டது.

மாப்பிள்ளையை டிக்கெட் போடச் சொல். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ரயிலோ பஸ்ஸோ, சீட் இல்லாவிட்டால் நிற்பேன், ஆனால் உன் பக்கத்தில்தான் நிற்பேன். பாப்பா கூவினால் கூவட்டும், யாராவது கேட்டால் நான் பதில் சொல்கிறேன், எந்தப் பாஷையிலாவது.

பாப்பாவுக்காக வருகிறேன். உனக்காக என்று எழுத இன்னும் கை வரவில்லை.

அக்கா