சலீம் தைத்துக் கொடுத்த ஒரே வினைச்சொல்

என் உயிர் மச்சான் சலீமு,

உன் தையல் கடைப் பக்கம் ஆட்டோ போனால் இப்போதும் கை தானாக ஹாரனை அமுக்குகிறது. பதில்தான் வருவதில்லை. அது கிடக்கட்டும், உனக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நீயோ பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சவாரி இல்லாத மதியங்களில் எனக்கு 'போ' என்கிற ஒரு சொல்லை மட்டும் சொல்லிக் கொடுத்தாய். ழெ வே, நான் போறேன். த்யூ வா, நீ போறே. இல் வா, அவன் போறான். போறதுக்கு வான்னு சொல்றானுங்களே, இவனுங்க எப்படி வீடு போய்ச் சேருவானுங்க என்றேன். வாயில் குண்டூசியோடு சிரித்தாய்.

அடுத்தது நாம போறோம், நீங்க போறீங்க என்பதற்கு நூ ஸலோன், வூ ஸலே என்றாய். இது வேற சொல்லாச்சே, ஏமாத்துறியா என்று சண்டைக்கு நின்றேன். பாதி தைத்த சட்டையைத் தூக்கிக் காட்டினாய். "உடம்பு ஒரு துணி, கை வேற துணி. சட்டை ஒண்ணுதான்டா. போட்டுக்கறவன் யாருன்னு பாத்துப் பேசு."

அதை வைத்து ஊரையே ஆண்டேன் மச்சான். நலமா என்று கேட்க அதுதான், கிளம்பலாமா என்று கேட்க அதுதான், தொப்பி எடுப்பா இருக்குன்னு வெள்ளைக்காரம்மாவிடம் சொல்லவும் அதேதான். நீங்க பாரீஸ்ல பொறந்தவரான்னு நாலு பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டது ஒருத்தர்தான், நாலு என்றால் எடுப்பா இருக்கும்.

இப்போ வீட்டுச் சேதி. நீ போனதுக்கு நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்தும் உன் வீட்டுக்காரி மும்தாஜ் தங்கச்சி வாசல் தாண்டவில்லை. அக்கா தங்கச்சி இல்லாத எனக்கு அவள்தான் கூடப் பிறந்தவள், பார்க்க மனசு தாங்கவில்லை. நானும் ஜமாத்துப் பெண்களும் கூப்பிட்டுப் பார்த்தாச்சு. தலையை ஆட்டுவாள், எழுந்திருக்க மாட்டாள்.

போன வாரம் உன் மருமகள் எலேன் பிரான்சிலிருந்து வந்துவிட்டாள். உன் மகன் அன்வருக்கு லீவு கிடைக்கவில்லை, அடுத்த வாரம்தான் வருவான். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள், சிரித்தார்கள், அவ்வளவுதான். எலேன் போனை நீட்டி மொழி மாற்றப் பார்த்தாள். தங்கச்சி அந்த டப்பாவிடம் வாயே திறக்கவில்லை. அண்ணனுக்குத்தான் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடாச்சே என்று எனக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தேன். கொமான் தாலே வூ, நலமா என்று கேட்டு வைத்தேன். அந்தப் பெண் மடை திறந்த மாதிரி கொட்டினாள். ஒன்றும் பிடிபடவில்லை, தோந்தோன் என்று கூப்பிட்டது மட்டும் புரிந்தது. மாமாவாம்.

பிறகு உன் தையல் மெஷின் மேல் கை வைத்து, குரலை இறக்கி என்னவோ கேட்டாள். நடுவில் உன் பேர் வந்தது. எனக்கு 'போனான்' என்று சொல்லத் தெரியாதே. அதுக்கு இன்னொரு சொல்லின் தயவு வேணும், அப்புறம் சொல்றேன் என்றவன் நீதானே? இருந்ததைச் சொன்னேன். "இல் வா பியேன்."

எலேன் கண் நிறைந்துவிட்டது. என்னண்ணே சொன்னீங்க என்றாள் தங்கச்சி.

"சலீம் நல்லா இருக்கான்னு சொன்னேம்மா."

மெஷின் பக்கம் திரும்பினாள். "நல்லாத்தான் இருப்பாரு. என்னை இப்படி உக்கார வெச்சிட்டு அவருக்கென்ன?" என்றாள். சொல்லும்போதே சிரித்துவிட்டாள் மச்சான். எத்தனை மாசத்துக்கு அப்புறம்!

அந்தச் சிரிப்பைப் பார்த்து எலேன் எழுந்து கையை நீட்டினாள். "ஓன் நி வா?" தினம் சவாரிக்கு நான் சொல்வது, தெரியாமல் போகுமா? போலாமான்னு கேக்குதும்மா உன் மருமக என்றேன். தங்கச்சி அந்தக் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வைத்திக்குப்பம் கடற்கரையில் படகுகளுக்கு நடுவே இறக்கிவிட்டேன். ரெண்டு பேரும் கால் நனைத்தார்கள். அலை பெரிதாக வந்தபோது மருமகள்தான் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். நீயும் பார்த்தாயா?

'போனான்' என்று சொல்லக் கற்றுத் தருவதாக எலேன் அந்தப் போன் டப்பா வழியாகச் சொல்கிறாள். வேண்டாம்மா என்றுவிட்டேன். எலேன் ஊர் திரும்பின பிறகும் தங்கச்சி வீட்டு வாசலில் சாயங்காலம் என் ஆட்டோ நிற்கும். போலாமான்னு அதே சொல்லில் கேட்பேன். இது சத்தியம், இதில் ஒரு வார்த்தைகூட ஜோடனை இல்லை.

உன் மச்சான் வேலு,
அன்வருக்கு மாமா, எலேனுக்குத் தோந்தோன்