எந்த நாட்டு ஆங்கிலம்

அன்புள்ள அம்மாவுக்கு கார்மாய் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? முகாமில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த நாட்டு அகதி விடுதியில் குளிர்தான் அதிகம்.

அகதி மனுவில் ஒரு சின்னத் தடங்கல், பயப்படாதே. நான் எந்த நாட்டுக்காரி என்று பார்க்க, நான் பேசியதைப் பதிவு செய்து யாரோ மொழி நிபுணரைக் கேட்க வைத்தார்கள். “நீ பேசுறது லைபீரியா இங்கிலீஷ் இல்லம்மா, கானா இங்கிலீஷ். நீ லைபீரியாக்காரியே இல்ல,” என்றார் அதிகாரி.

“உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து ஏழு வயசுல கானா முகாமுக்கு ஓடினோம் சார். அங்கதான் வளர்ந்தேன், அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க,” என்றேன். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

நம் சந்தை மீன்காரி எஃபுவாவிடம் சொல்லாதே, சிரிப்பாள். “ஏய் லைபீரியாக்காரி, வார்த்தையோட வாலை முழுங்காம பேசுடி” என்று அவள் கேலி செய்ததால்தான் கானாக்காரர்களைப் போலப் பேசப் பழகினேன்.

மேல்முறையீட்டில் மறுபடி பேசச் சொல்வார்கள். நீயும் சித்தியும் நம் லைபீரியப் பேச்சில் சண்டை போடுவதை ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பு, கேட்டுப் பழகுகிறேன். காய்ந்த மிளகாயும் கொஞ்சம் வை.

நேற்று கண்ணாடி முன் நின்று உன்னைப் போலப் பேசிப் பார்த்தேன். யாரோ உன்னைக் கேலி செய்வது போல் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்,
கார்மாய்