பில் கவுண்டருக்கு ஒரு நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

படிப்பின் கடைசிக் கட்டமாக இந்தப் பெரிய கடையில் பயிற்சி எடுக்கிறேன் அல்லவா, போன வாரம் தலைமை அலுவலகத்துக்காரர்கள் முன்னால் என் அறிக்கையை வாசித்தேன். பில் போடும் பெண்கள் ஒன்பது மணி நேரம் நின்றே வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு நாற்காலி வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். "அந்தப் பக்கத்தை எடுத்துடும்மா. உனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்று எங்கள் மேனேஜர் முன்பே எச்சரித்திருந்தார். நான் எடுக்கவில்லை.

"பில் போடற பொண்ணு உக்காந்திருந்தா கஸ்டமருக்கு மரியாதைக் குறைவா தெரியாதா?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"நீங்க உக்காந்துக்கிட்டுத்தானே சார் என்கிட்ட கேக்கறீங்க, எனக்கு அப்படித் தெரியலையே" என்றேன்.

அவருக்குப் பக்கத்திலிருந்த அம்மாள் மட்டும் சிரித்துவிட்டார்.

நேற்று இரண்டு கவுண்டர்களுக்கு நாற்காலி வந்தது. என்னுடன் பயிற்சி எடுத்த மூன்று பேருக்கும் வேலைக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. உடனே, "கடையில நிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன், திரும்பி வா" என்று ஆரம்பிக்காதீர்கள். வரமாட்டேன். வேறு இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். இங்கே குளிர் ஒன்றும் அதிகமில்லை, சும்மாதான். துவைக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது. மீதிச் சண்டையை ஞாயிற்றுக்கிழமை போனில் வைத்துக்கொள்ளலாம்.

உங்களைப் போலவே பிடிவாதக்காரியான,
உங்கள் மகள்