நாலரை மணிக் கைதட்டல்

ஜூலை 8, செவ்வாய்

எங்கள் சேனல் பொய் சொல்கிறது. வாய் தவறிச் சொல்வதில்லை. நேரம் குறித்து, ஆள் பிடித்து, விளக்கு வைத்துச் சொல்கிறது. அதற்கு ‘மக்கள் கருத்து’ என்று பெயர். இரண்டு வருடமாக அதை வெட்டி ஒட்டுகிறவள் நான்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு டில்லியில் இரண்டு தேசியக் கட்சித் தலைவர்கள் நேருக்கு நேர் விவாதம் செய்யப்போகிறார்கள். நாடு முழுக்க நேரலை. எட்டு மணிச் செய்தியில், புதுச்சேரி மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று நாங்கள் காட்ட வேண்டும். செய்திப் பிரிவுக்குப் பொறுப்பான விஜயராகவன் சார் சொன்னார்: “மில்லுக்காரங்க தெருவா பாரு குழலி. தொழிலாளி மொகம்னா ஸ்கிரீன்ல நல்லா நிக்கும்.”

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவைச் சொன்னேன். அங்கே பாதி வீடு மில் வீடுதான். மில்லை மூடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா இப்போது மூலக்குளத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன். முகம் வேண்டுமாம். முகம் மட்டும்.

ஜூலை 10, வியாழன்

விவாதம் ஆறு மணிக்கு. நாங்கள் படம் எடுத்தது நாலரைக்கு.

எப்போதும் அப்படித்தான். ஆறு மணிக்கு மேல் எடுத்தால் எட்டு மணிக்குள் வெட்டி முடிக்க முடியாது. அதனால் முன்கூட்டியே நாலு சிரிப்பு, நாலு முறைப்பு, நாலு கைதட்டல் வாங்கி வைத்துக்கொள்வோம். தலைவர்கள் பேசப் பேசப் பொருத்தமான இடத்தில் ஒட்டுவோம்.

கடைசியாகப் போனது ராஜாங்கம் மாமா வீட்டுக்கு; அப்பாவோடு மில்லில் இருந்தவர். மாமாவும் ஜெயம் அத்தையும் மட்டும் இருந்தார்கள். டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது. கேமராமேன் சிலம்பரசன், “கொஞ்சம் முறைங்க” என்றான்.

“யார முறைக்கிறது தம்பி? சோப்பையா?” என்றாள் அத்தை.

“ரெண்டு தலைவருங்க பேசறாங்கன்னு நெனச்சுக்குங்க அத்தை” என்றேன் நான்.

“பேசட்டும். நம்மகிட்டயா பேசறாங்க?”

முறைப்பு உடனே கிடைத்தது. கைதட்டல்தான் வரவில்லை. மாமா பதினொரு வருடமாக மில் தொழிலாளர் கமிட்டிச் செயலாளர். மில்லைத் திறக்கச் சொல்லி அவர் எழுதாத மனு இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பூட்டிய கேட்டுக்கு முன்னால் போய் உட்காருவார். மழை, தேர்தல், பொங்கல், எதுவானாலும். அவருக்குத் தட்ட வரவில்லை.

“கொசு அடிக்கிற மாதிரி இருக்குது மாமா” என்றேன்.

“இன்னா நெனச்சுத் தட்டணும், அத்தச் சொல்லு.”

நான்தான் சொன்னேன். “நாளைக்கு மில்லு தொறக்கறாங்கன்னு நெனச்சுக்குங்க.”

எழுந்து நின்றுவிட்டார். தோளுக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். வாய் திறந்திருந்தது. முன்பல் இரண்டு இல்லை என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. பதினெட்டு நொடி. சிலம்பு என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறு மணிக்கு எடிட் அறையில் இருந்தேன். விவாதம் முழுக்க இந்தி. எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடி போட்டவர், கண்ணாடி போடாதவர். சாருக்கும் அரைகுறைதான். திரைக்கு அடியில் ஓடும் தமிழ் மொழிபெயர்ப்பு வரிகள் சென்னையிலிருந்து ஏழரைக்கு மேல் வரும், அதை ஓட்டுவது வேறு ஆள். “கண்ணாடிக்காரர் இங்க நிறுத்தறார் பாரு, ஹால்ல தட்றாங்க. நம்ம ஆளு ஒருத்தரைப் போடு.”

இருந்ததிலேயே நல்ல கைதட்டலைப் போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கண்ணாடிக்காரர் சொன்னது இது: “நட்டத்தில் ஓடிய மில்களை மூடியது சரியான முடிவு. அங்கே உழைத்தவர்களே அதைப் புரிந்துகொண்டார்கள்.”

அடுத்த நொடி ராஜாங்கம் மாமா எழுந்து நின்று கை தட்டுகிறார்.

காலையிலேயே எல்லார் போனிலும் வந்துவிட்டது. அப்பாவும் கமிட்டியில் இருப்பவர். அவர் போனை வாங்கிக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன்.

‘செயலாளர் துண்டு எப்ப மாத்தனாரு?’

‘பல்லப் பாருய்யா. பதினோரு வருஷமா நம்மகிட்ட சிரிக்காத ஆளு.’

‘இனிமே திங்கக்கெழம டில்லியில போய் உக்காருவாரு.’

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

ஜூலை 12, சனி

மாமா குழுவில் குரல் பதிவு போட்டிருந்தார். “நம்ம குழலி கேட்டுச்சு, தட்டனேன். அப்ப விவாதமே ஆரம்பிக்கல.” ஒருவரும் நம்பவில்லை. நாங்கள் படம் எடுத்த மற்ற வீட்டுக்காரர்கள், தங்கள் பெயரும் வந்துவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. ஆரம்பிக்காத விவாதத்துக்கு எவன் தட்டுவான் என்கிறார்கள். டிவியில் வந்தால் அது நடந்தது. இப்படி நம்ப அவர்களைப் பழக்கியது யார்? நாங்கள்தான்.

ஜூலை 14, திங்கள்

சாரிடம் முழுப் பதிவைக் கேட்டேன். அதில் என் குரல் இருக்கும். ‘நாளைக்கு மில்லு தொறக்கறாங்கன்னு’ – அது இருந்தால் போதும்.

“கேமரா கார்டு வெள்ளிக்கெழமையே அழிச்சாச்சு. அடுத்த ஷூட்டுக்கு வேணுமில்ல?”

சிலம்புவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினான். எப்போதும் அப்படித்தான் அழிப்பான், வேண்டுமென்று செய்ததில்லை.

“அப்ப ஒரு திருத்தமாவது போடுங்க சார்.”

“திருத்தம் போட்டா ரெண்டு வருஷமா போட்டதெல்லாம் எப்ப எடுத்ததுன்னு கேப்பாங்க. நீ வெட்டனதுதான் எல்லாம்.” பிறகு, அதே குரலில்: “ஒன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி மேல அனுப்பியிருக்கன். முதல் தேதி வரும்.”

அவர் மிரட்டவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். எடிட்டிங்.

ஜூலை 17, வியாழன்

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாட்ச்மேன் சட்டையின் பித்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“வேற யாருகிட்டயாவது சொன்னியா?”

“இல்லப்பா.”

“சொல்லாத.”

ஜூலை 20, ஞாயிறு

இன்று கமிட்டிக் கூட்டம். செயலாளரை நீக்குவதா வேண்டாமா என்று மில் கேட்டுக்கு முன்னால் கூடிப் பேசுகிறார்கள். போய்ச் சொல்லிவிடுவது என்று ஸ்கூட்டியை எடுத்தேன். எதிர்ப்பக்க டீக்கடை வரை போனேன்.

அங்கேயே நின்றேன். ஏன் நின்றேன்? தெரியவில்லை. கால் வலிக்கவில்லை, பயமாகக்கூட இல்லை. டீ குடித்தேன்.

மாமா எழுந்து ஏதோ சொன்னார், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு, நீக்க வேண்டும் என்பவர்களின் கைகள் உயர்ந்தன. முப்பத்தொரு பேரில் மூன்று பேர் கை தூக்கவில்லை. அப்பா வலது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவும் கை தூக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். உனக்குத்தான் உண்மை தெரியுமே, ஏம்பா தூக்கன?

“தூக்காம இருந்தா ஏன்னு கேப்பானுங்க. இன்னா சொல்லச் சொல்ற? எம்பொண்ணு பண்ண வேலைன்னா?” சோற்றைப் பிசைந்தார். “நீதான் டீக்கடையில நின்னியே. பாத்தன்.”

ஜூலை 21, திங்கள்

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஆபீஸ் போனேன், இரண்டு செய்தி வெட்டினேன், வந்தேன்.

ஜூலை 28, திங்கள்

புதிய செயலாளர் கேட்டுக்குப் போகவில்லையாம். கமிட்டிக்காரர்கள் ஆறு பேர் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கலைந்தார்களாம். அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை, போனில் யாரிடமோ சொன்னார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நிரந்தர ஆணை வந்தது. கையெழுத்துப் போட்டேன். சார் எல்லாருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெயம் அத்தை வந்தாள். அப்பா அவளைப் பார்த்ததும் பின்பக்கம் போய்விட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

மாமா திங்கட்கிழமைகளில் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறாராம். மதியம் கழற்றிவிடுகிறாராம். “கேட்டாண்ட போயேன்யா, செயலாளர் இல்லன்னா இன்னா, போய் உக்காருன்னேன். எந்த மூஞ்சிய வச்சுக்கினு போறதுன்றாரு.”

நான் கார்டு அழிந்துபோனதைச் சொன்னேன்.

“அழிஞ்சா போவுது. யாரு கேட்டா ஒன் கார்ட? நான் போய்ச் சொன்னேன், பொண்டாட்டி வேற எப்பிடிச் சொல்லுவான்னு சிரிக்கிறானுங்க. நீ சொன்னா கேப்பாங்க. எடுத்தது நீ.”

“அத்தை –”

“ஒன் வேலை போவும், தெரியும். அவருக்கும் போச்சு, நாங்க சாவல.” குரலை உயர்த்தவே இல்லை. “நாளைக்குத் திங்கக்கெழம. காலைல நான் அவரக் கூட்டிக்கினு கேட்டாண்ட வரேன். நாலு பேரு முன்னாடி நீ வந்து நின்னு, நான்தான் தட்டச் சொன்னேன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

பின்பக்கம் அப்பா குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“வர்றியா இல்லியா? சொல்லுடி.”