சுவருக்கு அந்தப் பக்கத்து ஜெபம்

பிப்ரவரி 4

சோப்பு உறையில் இருந்ததை இன்று முழுதாகப் படித்து முடித்தேன். கண்ணில் பட்டால் உடனே நீரால் கழுவ வேண்டுமாம். எழுபது வயது வரை, எழுதியிருப்பது தெரியாமலே, கழுவிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்! பேருந்துப் பலகை, கடைப் பெயர், பூட்டிய கதவில் தொங்கும் அட்டை என்று இப்போது எல்லாம் என்னைக் கூப்பிட்டுப் பேசுகின்றன. மருந்துச் சீட்டு மட்டும் பேசவில்லை. அது யாரிடமும் பேசாது என்கிறார் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் நர்ஸம்மா.

தினமும் எழுதினால்தான் கை படியுமாம். எழுதுகிறேன். எனக்கென்ன அவசரம், டயர்க் கடையைத்தான் மூடியாயிற்றே.

பிப்ரவரி 5

விடியும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் மைக் ஆரம்பித்துவிட்டது.

மைக் என்பது என் சகலை, என் மனைவியின் தங்கை புருஷன். சபையில் ஜெபக்குழுவை நடத்துகிறவன். அவன் வீட்டுக்குள் ஜெபித்தால் தெருமுனையில் பால்காரர் தலையிலிருந்து துண்டை எடுத்துவிடுவார், அவ்வளவு சத்தம். நான் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வேன்.

அவனோடு பேசி வெகுகாலம் ஆகிறது. ஏன் என்பதை எழுதிவிட வேண்டும். இன்று வேண்டாம். நாளைக்கு.

பிப்ரவரி 7

என் மனைவி வயிற்றில் கட்டியோடு படுத்துக் கிடந்தாள். இவன் வந்து ஜெபித்தான். குணமாகவில்லை. மறுபடி வந்தான். அப்படியும் குணமாகவில்லை. கடைசியாக ஒருநாள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "அக்கா, உங்க ஜெபத்துல எங்கயோ ஓட்டை இருக்கு. அதைக் கண்டுபிடிங்க" என்றான்.

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவள் சாகும்வரை தேடிக்கொண்டிருந்தாள். "எங்க ஓட்டைன்னே தெரியலையே" என்று என்னிடம் கேட்டாள். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. வாழ்நாளெல்லாம் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். அவளுக்கு என்னால் ஒன்றும் காட்ட முடியவில்லை. ஏனென்றால் ஓட்டையே இல்லை. இல்லாத ஓட்டையைத் தேடியே செத்தாள்.

அன்றோடு நான் ஜெபத்தை விட்டேன். கோயிலுக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன். அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு மட்டும் எழுந்து போவதில்லை.

பிப்ரவரி 11

கோயில் கதவில் ஒரு தாள். கூட்டமெல்லாம் கலையும்வரை நின்று படித்தேன். ஆவிக்குரிய புதுப்பித்தல் வாரம். தினமும் காலை ஜெபம், கடைசி ஞாயிறு திருவிருந்து.

போதகர் பின்னால் வந்து நின்றார். "தாத்தா, படிச்சிட்டீங்களா?"

"பாதி படிச்சேன் ஐயா. 'ஆவிக்குரிய'வுக்கே மூச்சு வாங்கிருச்சு."

சிரித்தார். பிறகு, அந்த ஞாயிறு வேதபாடத்தை நீங்களே வாசியுங்கள் என்றார்!

நானா? மேடையில் நின்றா?

"ஆனா நம்ம சபை வழக்கம் தெரியும்ல. பாடம் வாசிக்கிறவர்தான் முதல்ல திருவிருந்து எடுக்கணும். யார்கூடயாவது மனஸ்தாபம்னா அதுக்கு முன்னாடி சமாதானம் ஆகணும்..." என்று இழுத்தார்.

அதுதானே பார்த்தேன்.

பிப்ரவரி 14

இன்றைக்குக் கிடைத்தது புதையல்! சங்கீதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் எதிரிகளின் பல்லை உடைக்கச் சொல்லிக் கடவுளிடமே கேட்கிறார். நத்தையைப் போல அவர்கள் கரைந்து போகட்டும் என்கிறார். வேதத்தில்! இத்தனை வருடம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே.

உடனே முழங்கால் போட்டேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! முழங்கால் கதவுக் கீல் போலக் கத்தியது. மைக்கின் பல்லைக் குறிப்பிட்டே கேட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அவனுக்கு மேலும் கீழும் முழுவதும் கட்டிய பல். உடைத்தாலும் வேறு செட் செய்து மாட்டிக்கொள்வான். கடவுள்தான் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 17

தினமும் அதே சங்கீதம்தான். இப்போது எழுத்துக்கூட்டாமலே வருகிறது. "ஒரே பக்கத்தையே தேய்க்கிறீங்களே, வேற எதையாவது படிங்க" என்கிறார் நர்ஸம்மா. இதில் இன்னும் வேலை முடியவில்லை என்றேன்.

வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது. ஜெபம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 18

ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் மைக் என்னிடம் வந்தான். கையை நீட்டினான். "பிரதர், தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்க." சபையே திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள்.

தெரிந்தோ தெரியாமலோவாம். ஏதாவதாம். வீட்டில் அண்ணே, கோயிலில் பிரதர்.

பழைய டயரில் புது ரப்பர் ஒட்ட வேண்டுமானால் முதலில் சுரண்ட வேண்டும். மேலே இருக்கிற வழுவழுப்பெல்லாம் போய்ச் சொரசொரப்பாக வேண்டும். சுரண்டாமல் ஒட்டினால் பார்க்கப் புதிது போல மினுக்கும், முதல் வெயிலிலேயே பட்டையாக உரிந்து வந்துவிடும்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "சுரண்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை. போதகர் முகம் வாடிவிட்டது. வேதபாடம் போச்சு. போகட்டும்.

பிப்ரவரி 19

போகட்டும் என்று எழுதிவிட்டேன். எனக்கு அந்த மேடையில் நிற்க வேண்டும். ஆசையாக இருக்கிறது. நான் வாசிப்பதை என் மனைவியும் கேட்டிருக்க வேண்டும்.

அதற்கும் சேர்த்து அவன் பல்.

பிப்ரவரி 20

இன்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

பிப்ரவரி 21

இன்றும் இல்லை. கடவுள் கேட்டுவிட்டார்! நத்தை கரைய ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 22

இன்றும் இல்லை. தலையணையைக் காதில் வைக்கவில்லை. ஆனாலும் தூக்கம் பிடிக்கவில்லை. என்ன ஆயிற்று இவனுக்கு?

பிப்ரவரி 23

மதியம் கொழுந்தியாள் வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முகம் அவள் அக்காவின் முகம் மாதிரியே ஆகியிருந்தது.

"அத்தான், எனக்கும் வயித்துல கட்டியாம். திங்கக்கிழமை ஆபரேஷன்."

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அது கூடப் பரவால்ல அத்தான். அவரு ஜெபம் பண்ண மாட்டேங்கறாரு. சேர்ல உக்காந்தவரு உக்காந்தபடியே இருக்காரு. நீங்க வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"தினமும் படிக்கிறீங்களே, சுவர்ல கேக்குது. அதையே படிங்க."

சுவர் இரண்டு பக்கமும் கேட்கும் என்று இத்தனை நாள் தோன்றவேயில்லை.

போனேன். மைக் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். பல் செட் கிண்ணத் தண்ணீரில் கிடந்தது. கன்னம் ஒட்டிப்போய் வாய் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நான் கேட்டது கேட்டபடியே எதிரில் இருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

"எங்க ஓட்டைன்னு தேடிக்கிட்டே இருக்கேன்ணே" என்றான்.

"நல்லாத் தேடுங்க" என்றேன்.

ஆமாம், சொன்னேன். வெல்லம் மாதிரி இருந்தது. உடனே கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். வெல்லம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவன் கோபப்படவில்லை. பல்லில்லாத வாயால் மெல்ல மெல்லச் சொன்னான். "அன்னிக்கு அக்கா எங்கிட்ட ஏன் கொணமாகலன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான்தானே ஜெபக்குழு. அதான் பழியத் தூக்கி அவங்க மேலயே போட்டேன். ஓட்டை அவங்கள்ட்ட இல்லண்ணே."

சுரண்டுகிற சத்தம் எனக்குத் தெரியும். கேட்கவே பல் கூசும்.

வேதத்தைத் திறந்தேன். எனக்குத் தங்கு தடையில்லாமல் வருவது ஒரே ஒரு சங்கீதம்தான். வேறு எதையாவது எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஆபரேஷனே முடிந்துவிடும். அதையே வாசித்தேன். ஆனால் அவனைப் பார்த்து இல்லை, அவள் வயிற்றைப் பார்த்து. அந்தக் கட்டியின் பல்லை உடையும், நத்தையாய்க் கரையட்டும் என்று கத்தினேன். நான் கத்தியதில் பால்காரர் துண்டை எடுத்திருப்பார்.

கொழுந்தியாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தான், இது அவருக்குன்னு படிச்சதுதானே?"

"ஆமாம்மா. இன்னிக்கு உனக்குக் கடன் கொடுக்கிறேன்."

மைக் ஆமென் என்றான். பல் இல்லாததால் காற்றுதான் வந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆராதனைக்கு முன் போதகர் என்னைத் தனியே அழைத்து, "சமாதானம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"முழுசா இல்ல ஐயா. சுரண்டி முடிஞ்சிருக்கு. இன்னும் ஒட்டல."

யோசித்தார். "போதும். வாசிங்க."

வாசித்தேன். இரண்டு இடத்தில் நின்றேன், ஒரு வரியைத் தாண்டிவிட்டேன், திரும்பி வந்து பிடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. நர்ஸம்மா மட்டும் என்னோடு வாயசைத்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு உயரமான மேடை அது! திருவிருந்துக்கு முழங்கால் போட்டபோது கீல் மறுபடி கத்தியது; பக்கத்தில் மைக் வந்து முழங்கால் போட்டான். நான் நகரவில்லை. நெருங்கவும் இல்லை.

பிப்ரவரி 26

ஆபரேஷன் ஆயிற்று. கெட்ட கட்டி இல்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த எல்லாப் பலகையையும் படித்துவிட்டேன். 'அமைதி காக்கவும்' என்பதை மைக்கிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சந்தோஷம்தான். ஆனால் என் மனைவிக்கு மட்டும் ஏன் இல்லை? அவனைக் கேட்கவில்லை. கடவுளைக் கேட்டேன். தெரியலன்னு சொல்ல அவருக்கும் வெட்கமோ என்னவோ.

மார்ச் 6

கொழுந்தியாள் வீடு வந்து சேர்ந்தாள். விடிந்ததும் மைக் ஆரம்பித்துவிட்டது. சுவரை ஓங்கித் தட்டினேன். "மெதுவா! கடவுளுக்குக் காது நல்லாவே கேக்கும்!"

சத்தம் சட்டென்று அடங்கியது. அப்படி அடங்கியதும் என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. எழுந்து போய்ச் சுவரில் காதை வைத்தேன். முதலில் அவன் மனைவிக்காக. பிறகு அக்கா என்று ஒரு சொல். பிறகு, "அண்ணனோட முழங்கால்."

இந்தப் பக்கத்திலிருந்து ஆமென் என்றேன். அவனுக்குக் கேட்கும்படி இல்லை. அவ்வளவு சீக்கிரமெல்லாம் முடியாது.