அலமாரியில் ஒரு டிவிடி குறைகிறது

அன்பு மகளுக்கு,

உன் பிறந்தநாளுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த அலமாரியைப் பார்த்தேன். எல்லாம் பழைய படங்கள், இருநூறு டிவிடிக்கு மேல் இருக்கும். நீயும், உன் அம்மா மறுமணம் செய்துகொண்ட அவரும் ஆறு வருடமாகத் தேடித் தேடிச் சேர்த்தது என்று உன் அம்மா பெருமையாகச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் அவர் கையால் பெயர் எழுதி ஒட்டியிருந்தார். அழகான கையெழுத்துதான். பஸ் ஓட்டுகிற எனக்கு அப்படி வராது.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தோம். பாதியில் நீ, "அப்பா, இப்ப பாருங்க, நம்ம சீன் வருது" என்றாய்.

"பாத்துட்டுதாம்மா இருக்கேன்" என்றேன்.

நீ கூப்பிட்டது அவரை. அவர் சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நல்ல மனிதர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கிளம்பும்போது அந்தப் படத்தை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். காணோம் என்று அவரைக் குடையாதே. நேற்று ஒரு பிளேயர் வாங்கி, தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். படம் நன்றாக இருந்தது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

தபாலில் அனுப்ப மாட்டேன். நீயே வந்து வாங்கிக்கொள். தனியாக வா.

உன் அப்பா